வமிசாவளி, கப்பல் பட்டியல், பிறப்புச் சான்று: மூதாதையர் தேடலில் ஆவண வாசிப்பு

குடிவழி உரைத்தல் தமிழ் இலக்கியத்திற்கு மிகப் பழகிய செயல். சோழர் செப்பேடுகளின் முற்பகுதியும் உலா இலக்கியங்களின் தொடக்கமும் அரசனின் முன்னோரை வரிசைப்படுத்தியே மேற்செல்கின்றன. எனினும் குடிவழி உரைத்தல் வேறு. குடிவழி தேடுதல் வேறு. முன்னதில் விடை முன்பே தெரியும். அவ்விடையைச் சிறப்பிக்கும் மொழியே புலவனிடம் வேண்டப்படுகிறது. பின்னதில் விடை தெரியாது. தேடுவோன் கையில் இருப்பது ஒரு பெயர், அல்லது ஓர் எண், அல்லது எழுத்துத் திரிந்துபோன ஓர் ஊர்ப்பெயர் மட்டுமே. டர்பன், போர்ட் லூயி, சுவா முதலிய நகரங்களிலிருந்து தம் முன்னோர் ஊரைத் தேடித் தமிழகம் வருவோர் கொணரும் தாள் இத்தகையது. ஒப்பந்தக் கூலிகளைப் பற்றிய குடியேற்றப் பதிவேட்டின் ஒரு வரி அதில் படியெடுக்கப்பட்டிருக்கும்.

இவ்வரியை வரலாற்றாய்வாளர் மிகுதியும் புள்ளிவிவரமாகவே கையாண்டுள்ளனர். எத்தனை பேர், எந்த ஜில்லாவினர், எந்த வயதினர் என்னும் வினாக்களுக்கு அது விடை தருகிறது. தமிழாய்வு கேட்க வேண்டிய வினா இதனின் வேறானது. இவ்வரியை யார் சொன்னார், யார் கேட்டார், எந்தக் காதால் கேட்டு எந்தக் கையால் எழுதினார் என்பதே அவ்வினா. பதிவேட்டின் ஒரு வரியை ஒரு பனுவலாகக் கொண்டு, அதனை அதற்கு முந்திய வமிசாவளி மரபோடும் பிந்திய இலக்கிய ஆக்கங்களோடும் ஒருங்கு வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரைக்கப்பட்ட குடிவழி

கலிங்கத்துப்பரணியில் ‘இராச பாரம்பரியம்’ என்னும் பகுதி சோழர் குலமுறையைக் கூறுகிறது. நாரதர் உரைக்க, கரிகாலன் அதனை இமயத்தில் எழுதிவைத்தான் என்பது செயங்கொண்டாரின் புனைவு. இப்பகுதியின் விரிவுக்குக் காரணம் தேடுவோர் பாட்டுடைத் தலைவனின் பிறப்பை நோக்குதல் வேண்டும். 1070இல் அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன் தந்தை வழியில் கீழைச் சாளுக்கியன். முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கையின் மகன். தாய் வழியே வந்தவனைச் சோழர் நிரலில் ஐயத்திற்கு இடமின்றி அமர்த்த வேண்டிய தேவை புலவருக்கு இருந்தது. உரிமையில் ஒரு மடிப்பு விழுந்த இடத்தில்தான் வமிசாவளி அழுத்தம் பெறுகிறது என்பது இதனால் புலனாகும். இக்கருத்தைச் சோழரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

காலின் மெக்கன்சி (1754–1821) தம் உதவியாளர்களைக் கொண்டு திரட்டிய சுவடிகளுள் பாளையக்காரர் வமிசாவளிகள் பல உள்ளன. அவற்றைத் தொடர்ந்து படிப்போர் ஒரே கதையின் பல வடிவங்களைப் படிப்பதாக உணர்வர். முன்னோன் ஒருவன் விசயநகர அரசனிடமோ மதுரை நாயக்கரிடமோ செல்கிறான். அரிய வீரச் செயல் ஒன்றைச் செய்கிறான். பட்டமும் விருதும் பாளையமும் பெறுகிறான். மதுரைக் கோட்டையின் கொத்தளங்களுள் ஒன்றைக் காக்கும் பொறுப்பும் பெறுகிறான். நிக்கலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியான தம் நூலில் புதுக்கோட்டையை நடுவாகக் கொண்டு இக்கதையமைப்பை ஆராய்ந்து, இவற்றைப் பொய் வரலாறு எனத் தள்ளாமல் அரசுறவின் இலக்கணமாகக் காணலாம் என்று காட்டினார். அது ஏற்கத்தக்கதே. ஆயினும் இவை திரட்டப்பட்ட காலத்தையும் உடன் நினைத்தல் வேண்டும். 1801ஆம் ஆண்டுப் போருக்குப் பின் பாளையங்கள் ஒழிக்கப்பட்டு, 1803இல் தென்பகுதிப் பாளையக்காரர் பலர் ஜமீன்தார்களாக்கப்பட்டனர். முன்னோன் பெற்ற கொடையைச் சொல்வது அக்காலத்தில் நினைவுகூர்தல் மட்டுமன்று. நிலத்திற்கு உரிமை கோருதலுமாகும். தம் குடும்பம் இன்ன பாளையக்காரரின் வழியினது என்று இச்சுவடிகளைக் கொண்டு நிறுவ முற்படுவோர் இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். சாதி வரலாறு என்ற பெயரில் வெளிவந்த சிறுநூல்கள் பலவற்றின் குறையும் இதுவே.

இவற்றோடு ஒப்பிடத்தக்க உரைநடை ஆக்கம் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, அவர் மறைவால் முற்றுப்பெறாமல் நின்ற அந்நூல், தம் ஊர், தம் முன்னோர் என்றே தொடங்குகிறது. ஏகாதசி நாளில் தாம்பூலம் தரித்துவிட்ட தஞ்சை அரசன் அதற்குக் கழுவாயாக அந்தணர்க்கு அளித்த ஊரே உத்தமதானபுரம் என்னும் செய்தியை அவர் செவிவழிக் கதையின் சுவையோடு சொல்கிறார். ஏட்டுப் பிரதியில் ஓர் எழுத்து ஐயத்திற்கிடமாக இருந்தால் பல பிரதிகளைத் தேடி அலைந்த அப்பதிப்பாசிரியர், தம் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது செவிவழிச் செய்தியையே ஆதாரமாகக் கொள்வது முரணாகத் தோன்றலாம். முரணன்று. நிலமும் வித்தையும் உடைய குடும்பத்திற்குத் தன் முன்னோரைத் தேட வேண்டிய நெருக்கடி நேர்வதில்லை. ஊர் அங்கேயே இருக்கிறது, வீடு இருக்கிறது, பாட்டனாரை அறிந்தவர் இருக்கின்றனர்.

கப்பல் பட்டியல் என்னும் பனுவல்

நெருக்கடி நேர்ந்தது கப்பல் ஏறியவரின் வழியினர்க்கு. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நெட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழிச் சென்றோர். மொரீசியசுக்கு 1834 முதல் சென்ற இந்தியர் ஐந்து இலட்சத்தை நெருங்குவர். பிஜித் தீவுக்குச் சென்னையிலிருந்து ஆள் அனுப்புதல் 1903இல் தொடங்கி 1916இல் முடிந்தது. அவ்வகையில் ஏறத்தாழ 15,000 பேர் சென்றனர். இவர்களுள் தமிழரோடு தெலுங்கரும் பிறரும் உண்டு. ஒவ்வொருவர்க்கும் ஒரு வரி எழுதப்பட்டது.

பிஜிக்குச் சென்றோரின் குடியேற்றச் சீட்டில் பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, நெருங்கிய உறவினர் பெயர், மணமானவராயின் துணையின் பெயர், ஜில்லா, ஊர், உயரம், உடலின் அடையாளக் குறி ஆகியவை கேட்கப்பட்டன. இவ்வினாக்களின் வரிசை ஆராயத்தக்கது. இவற்றுள் ஒன்றேனும் அம்மனிதனைப் பற்றிய ஆர்வத்தால் எழுந்ததன்று. ஓடிப்போனால் பிடிப்பதற்கு அடையாளக் குறி. இறந்தால் கூலிப்பாக்கியை அனுப்புவதற்கு உறவினர் பெயர். ஒப்பந்தம் முடிந்தபின் ஆளை ஆளாக அறிவதற்குத் தந்தை பெயர். ஆயினும் ஒரு நூற்றாண்டு கழிந்தபின், கொள்ளுப்பேரன் தன் முன்னோனின் உடலை அறிவதற்கு எஞ்சியிருப்பது, தப்பியோடுபவனைப் பிடிப்பதற்காக எழுதப்பட்ட அந்தத் தழும்பும் பச்சை குத்திய குறியுமே. மேய்ப்பனாகவோ உழவனாகவோ இருந்த ஒருவனின் இடக் கணுக்காலில் இருந்த வடுவை எந்த வமிசாவளியும் பாடியதில்லை.

பதிவேட்டில் உயிர்நாடியாவது எண். நெட்டாலில் வந்திறங்கிய ஒவ்வொருவர்க்கும் ஒரு குடியேற்ற எண் வழங்கப்பட்டது. மணம், மகப்பேறு, தோட்ட மாற்றம், மறைவு அனைத்தும் அவ்வெண்ணின் கீழேயே பதியப்பட்டன. எண் தெரிந்தவர் ஒரு பிற்பகலில் நான்கு தலைமுறையைக் கண்டறியலாம். எண் தெரியாதவர்க்கு ஒரே பெயருடைய பல நூறு முனியன்களும் சின்னம்மாக்களும் எதிர்ப்படுவர். மொரீசியசில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் காத்துவரும் குடியேற்ற ஆவணங்களில் எண்ணோடு ஒளிப்படங்களும் உள்ளன. தலைமுறைகளுக்கு முன் மறைந்த ஒருவரின் முகத்தை அவர் வழியினர் முதன்முறை காணும் இடமாக அவ்வாவணக் காப்பகம் திகழ்கிறது.

தந்தை பெயரோடு தேடல் நின்றுவிடுகிறது என்பது அடுத்த இடர்ப்பாடு. தமிழரிடம் நிலையான குடும்பப் பெயர் இன்மையால், கப்பலேறியவனின் தந்தை பெயரைக் கொண்டு அவனுக்கு மேற்பட்ட தலைமுறையை எட்டுதல் அரிது. பிறப்பு இறப்புப் பதிவை ஒழுங்குபடுத்தும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்ததே 1899இல்தான். அதற்கு முற்பட்ட காலத்திற்கு ஊர்ப்பக்கத்தில் எஞ்சுவன நில ஆவணங்கள். 1858இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேடுகள் கொடை பெற்றவர் பெயரையும் அனுபவிப்பவர் பெயரையும் அவர்தம் உறவையும் குறிக்கின்றன. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இவற்றைக் காணலாம். பத்திரப் பதிவுகளும் பட்டாக்களும் உள்ளன. இவை அனைத்தும் நிலம் உடையோரின் நினைவு. கப்பலேறியோருள் பலர் நிலம் இன்மையாலும் பஞ்சத்தாலும் ஏறியவர்கள். கடலுக்கு அப்பால் ஒரு வரியாகவேனும் இருப்பவர், கடலுக்கு இப்பால் அவ்வளவும் இல்லாதவராகிறார். அடிமைக்கு நிகராக நடத்திய ஆட்சி எழுதிவைத்த அளவுகூட அவர் பிறந்த ஊர் எழுதிவைக்கவில்லை என்பது தமிழாய்வு எதிர்கொள்ளத் தயங்கும் உண்மை.

சாதிக் கட்டமும் பெண்டிரும்

சாதி என்னும் கட்டத்தை உள்ளபடி நம்புவோரும் உண்டு. முற்றிலும் புறக்கணிப்போரும் உண்டு. இரண்டும் பொருந்தா. ஒன்றைச் சொன்னால் ஆள் எடுப்பர், மற்றொன்றைச் சொன்னால் எடார் என்னும் செய்தி ஆள்கட்டிகளின் வழி முகாமுக்குள் பரவியிருக்கும். சொன்னதை எழுத்தர் தாம் அறிந்த பொதுப் பெயரொன்றில் அடக்கியிருப்பார். தமிழரையும் அவர் மொழியையும் ‘மலபார்’ என்று வழங்கிய ஐரோப்பிய வழக்கு இவ்விடத்தில் குழப்பத்தை மிகுவித்தது. தென்னாப்பிரிக்காவில் இன்று காணப்படும் கவண்டர், மூட்லி, பிள்ளே, நாயக்கர், படையாச்சி முதலிய குடும்பப் பெயர்கள் கவுண்டர், முதலி, பிள்ளை முதலிய பட்டங்களின் வடிவங்களே. பட்டியலில் ஒரு சாதியும் வழியினர் பெயரில் வேறொரு பட்டமும் அமைந்த குடும்பங்கள் உண்டு. இதனைப் பிழை எனத் திருத்த முற்படுவது பேதைமை. கடல் கடந்தவர் ஒருவர் தம் மேல் சுமத்தப்பட்ட ஒன்றை இறக்கிவைத்தார் எனக் கொள்வதற்கே இடம் மிகுதி. குடும்ப வரலாறு தேடுவோர் இக்கட்டத்தைக் கண்டு நாணவும் தேவையில்லை, செருக்கவும் தேவையில்லை. ஆனால் ஊருக்கு வந்து வினவும்போது அதன் பயன் வெளிப்படும். ஊர்த்தெருவில் கேட்டுக் கிடைக்காத விடை குடியிருப்பில் கேட்டால் கிடைக்கக்கூடும். எந்தத் தெருவில் கேட்பது என்பதை அக்கட்டமே சொல்கிறது. தமிழக ஊர்களின் அமைப்பு இன்னும் அவ்வாறே இருக்கிறது.

பெண்டிரைப் பற்றிய வரிகள் தனி ஆய்வுக்கு உரியன. ஒவ்வொரு 100 ஆடவர்க்கும் 40 பெண்டிர் செல்ல வேண்டும் என்னும் விதியால் தனித்துச் சென்ற பெண்டிரும் பதிவேட்டில் இடம்பெற்றனர். வமிசாவளி மரபில் பெண் தாயாகவோ மனைவியாகவோ மட்டுமே வருவாள். பெயர் விடுபடுதலே வழக்கு. இங்கோ அவளுக்குத் தனி எண், தனி வரி, தனி ஊர். தந்தை வழியில் தேடித் தோற்ற குடும்பங்கள் பாட்டியின் எண்ணைக் கொண்டு ஊரைக் கண்டடைவதற்கு இதனால் வழி ஏற்படுகிறது.

பெயர்த் திரிபும் பாடபேதமும்

தமிழ்ப் புலமை இத்தேடலுக்கு நேராக உதவக்கூடிய இடம் பெயர்களின் எழுத்து வடிவம். பனையோலைச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு தோன்றாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். இவற்றால் எழும் பாடபேதங்களைப் பொருளும் யாப்பும் இடமும் நோக்கித் தெளிந்த மரபு பதிப்பாசிரியருடையது. 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பில் உ.வே.சா. கையாண்ட முறையும் இதுவே. கப்பல் பட்டியலில் திரிபு கண்ணால் நேர்வதன்று, காதால் நேர்வது. தமிழ் அறியாத எழுத்தர், இடையில் ஒரு துபாஷியோ கங்காணியோ சொல்லக் கேட்டு, தம் மொழியின் ஒலிக்கு இயைய எழுதினார். பின்னர்க் கணினியில் பெயர்த்தெழுதியோர் கையெழுத்தைத் தவறாகப் படித்த இடங்களும் சேர்ந்தன.

திரிபுகள் ஒழுங்கற்றன அல்ல. ழகரம் லகரமாகிறது, பழனி ‘பலனி’ ஆகிறான். ளகரமும் லகரமும் ஒன்றாகின்றன. ‘வாலி’ என்று எழுதப்பட்டவர் வள்ளியாக இருத்தல் கூடும். முருகன் என்னும் பெயரில் இடைநின்ற ககரம் ஆங்கிலேயர் கையில் ஒருவாறும் பிரெஞ்சு வழக்குள்ள மொரீசியசில் வேறொருவாறும் உருக்கொண்டது. ‘அன்’ என்னும் ஈறு அங்கு ‘என்’ ஆயிற்று. வீரப்பன் ‘வீராபென்’ ஆகவும் சுப்பராயன் ‘சூப்ராயென்’ ஆகவும் நிலைபெற்று இன்று குடும்பப் பெயர்களாயின. இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. ஒரு தனிமனிதனின் இயற்பெயர் அவன் வழியினர் அனைவர்க்கும் குலப்பெயர் ஆகிவிட்டமையால், மொரீசியசுத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பெயரை உரக்க உச்சரிப்பதே அதன் முதல் மூதாதையை விளிப்பதாகிறது. அவ்வளவு நெருக்கமான சான்றை வைத்துக்கொண்டே, ஒலி திரிந்தமையால், அது தமிழ்ப் பெயர் என்பதையும் அறியாத குடும்பங்கள் உள்ளன.

ஊர்ப்பெயர்களில் இடர் மிகுதி. செங்கல்பட்டு ‘சிங்கில்புட்’ என்றும் திருச்சிராப்பள்ளி ‘டிரிச்சினாப்பொலி’ என்றும் அரசுவழியே நிலைத்துவிட்டமையால் ஜில்லாக்களை அறிவதில் தடையில்லை. சிற்றூர்களுக்கு அத்தகைய நிலைத்த எழுத்து இல்லை. புதூர், புதுப்பட்டி, நல்லூர் என்பன ஒரே வட்டத்தில் பல இருக்கும். ‘பாளையம்’, ‘பாக்கம்’, ‘பட்டு’ முதலிய ஈறுகள் சிதைந்து எஞ்சியிருப்பின் அவை தேடும் நிலப்பகுதியைக் குறுக்க உதவும். ‘பாக்கம்’ என்று ஊகிக்கத்தக்க ஈறு செங்கல்பட்டுப் பகுதியை நோக்கிச் செலுத்துவதும், ‘பட்டி’ என்பது தென்பகுதியை நோக்கிச் செலுத்துவதும் ஊர்ப்பெயராய்வு அறிந்த செய்திகள். இன்று மரபணுச் சோதனையை நாடுவோர் பெருகி வருகின்றனர். அது தென்னிந்தியர் என்ற அளவில் நின்றுவிடும். ஊரைக் காட்டுவதற்கு அவ்வீற்றெழுத்துகளைத் தவிர வேறில்லை.

இலக்கியம் எழுதிய முன்னோர்

ஆவணம் இவ்வாறு இருக்க, தமிழ் இலக்கியம் இம்முன்னோரை எவ்வாறு கண்டது என்னும் வினா எழுகிறது. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்டிரைப் பற்றிப் பாடிய பாடல் இத்துறையில் முதலில் நினைவுக்கு வருவது. அதன் ஆற்றலை ஐயுறுவார் இலர். எனினும் அப்பாடலில் வரும் பெண்டிர்க்குப் பெயரில்லை, ஊரில்லை, அவர்கள் ஒரு நாட்டின் மானத்திற்குக் குறியீடாக நின்று அழுகின்றனர். அதே காலத்துப் பதிவேட்டில் அப்பெண்டிர் ஒவ்வொருவர்க்கும் பெயரும் ஊரும் உயரமும் உண்டு. குரல் மட்டும் இல்லை. பாடலைக் கற்பிப்போர் பதிவேட்டையும், பதிவேட்டை ஆராய்வோர் பாடலையும் அறியாதிருத்தல் இரு துறைக்கும் இழப்பாகும்.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இதனின் ஒருபடி முன்செல்கிறது. மருதி என்னும் சேரிப்பெண்ணை நெல்லைச் சீமை ஊரொன்றிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குக் கொண்டுசெல்லும் அக்கதை, அவள் எவ்வூரினள், யார் வஞ்சித்தனர், யார் பொருட்டு மீண்டாள் என்பவற்றைத் தெளிவாகச் சொல்கிறது. இலங்கைக்குச் சென்றோரைப் பற்றி நெட்டால் பட்டியலை ஒத்த ஆள்வாரிப் பதிவு இன்மையால், இக்கதை ஆவணத்தின் இடத்தையும் ஒருவாறு நிரப்புகிறது. இங்ஙனம் சொல்வது புனைகதையைச் சான்றாகக் கொள்வதன்று. எந்த வினாக்கள் கேட்கப்படாமல் போயின என்பதை அறிய அது துணைபுரிகிறது என்பதே.

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) வேறு வகையினது. தெலுங்கு நாட்டிலிருந்து தப்பிவந்த முன்னோரின் கதையைப் பூட்டி மங்கத்தாயாரு அம்மாளின் வாய்மொழியாக அந்நாவல் விரிக்கிறது. ஆற்றைக் கடக்க மரம் வளைந்து கொடுத்தது என்னும் செய்தியை நாவல் ஐயுறுவதில்லை, மெய்ப்பிக்கவும் முற்படுவதில்லை. ஓடிவந்த கூட்டத்திற்கு எந்த அரசும் சீட்டு எழுதவில்லை. ஆதலின் நினைவே ஆவணம். இவ்விடத்தில் திறனாய்வாளர் சிலர் தொன்மம், வரலாறு எனப் பிரித்து நாவலை மதிப்பிடுவது பொருத்தமாகத் தோன்றவில்லை. மெக்கன்சி திரட்டிய வமிசாவளியில் முன்னோனின் அருஞ்செயல் நிலத்திற்கு உரிமை கோருகிறது. கோபல்லத்தின் மரமோ எதனையும் கோரவில்லை. இரண்டும் தொன்மமே ஆயினும் ஒன்று மனு, மற்றொன்று நன்றி. ஆனால் இந்நாவலின் நினைவுக்கும் ஓர் எல்லை உண்டு. காடு திருத்தி நிலம் கொண்டவர்களின் நினைவு அது. அக்காட்டில் அவர்களுக்குக் கூலியாக உழைத்தவர்க்கு அவ்வூரில் ஒரு மங்கத்தாயாரு அமையவில்லை.

பாட்டன் பிறந்த இடம்

மூதாதையர் தேடல் ஓய்வு பெற்றோரின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் நிலவுகிறது. அவ்வெண்ணத்தை இலங்கையின் மலையகம் மறுக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தின்படி, அந்நாட்டில் பிறந்த ஒருவர் மரபுவழிக் குடிமகனாவதற்கு அவர் தந்தை அங்குப் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்திருத்தல் வேண்டும். தோட்டத் தொழிலாளியிடம் இதற்கான சான்று கேட்கப்பட்டது. அவர் முன்னோர் கங்காணியின் பின்னே நடந்து வந்தவர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கழுத்தில் தொங்கியது தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகரத்துண்டு; கடனை எழுதிய ‘துண்டு’ம் தோட்டத்துச் செக்ரோலும் அவர்களை உழைப்பாளராகவும் கடனாளியாகவும் மட்டுமே அறிந்திருந்தன. லயத்தில் பிறந்த குழந்தையின் பிறப்பைப் பதிவதில் யார்க்கும் அக்கறை இருந்ததில்லை. கூலி கொடுக்கும் நாளில் ஆளைத் தவறாது அறிந்துகொண்ட ஆவணமுறை, குடியுரிமை கேட்ட நாளில் அவர் பாட்டனை அறியவில்லை.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர்க்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964 சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை நாடற்றோராகக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகுத்து, 1,50,000 பேரைப் பின்னர்த் தீர்மானிக்க ஒதுக்கியது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. சி.வி. வேலுப்பிள்ளையின் ‘நாடற்றவர் கதை’யைப் படிப்போர் இவ்வெண்களை உடன்வைத்துப் படித்தல் நன்று. அவர் திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களும் இந்நோக்கில் மறுவாசிப்புக்கு உரியன. பிறப்புச் சான்று இல்லாத பாட்டிமார் எங்கிருந்து வந்தனர் என்பதற்குப் பாடலை விட்டால் வேறு பதிவு பல குடும்பங்களில் இல்லை. தாயகம் திரும்பியோர் எனப்பட்டோர் தம் மூதாதையர் ஊருக்கு வந்தபோது உறவினர் அவர்களை அறியவில்லை. இரு கரையிலும் ஆவணம் இல்லாதவர்க்கு உறவும் மெய்ப்பிக்க வேண்டிய பொருளாகிவிட்டது.

மொரீசியசின் நிலை இதற்கு எதிரிடையானது. அந்நாட்டின் ஏழாம் தலைமுறை இந்திய வம்சாவளியினரும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு உரியவர் என 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. மூதாதையின் குடியேற்றப் பதிவைக் கண்டடைந்தவர்க்கே அவ்வாய்ப்பின் பயன் கிட்டும். 19ஆம் நூற்றாண்டு எழுத்தர் ஒருவர் தவறாகக் கேட்டு எழுதிய பெயரை அலுவலகத்தில் தம் முன்னோன் பெயரென நிறுவ வேண்டியவர், அப்பெயரின் தமிழ் வடிவத்தைச் சொல்லக்கூடிய ஒருவரைத் தேடுகிறார். அவரே பெரும்பாலும் தமிழ் அறியாதவர்.

பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் இதில் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. பதிவேடுகளிலுள்ள ஆட்பெயர், ஊர்ப்பெயர்த் திரிபுகளைத் தொகுத்து, ஒவ்வொன்றற்கும் இயலக்கூடிய தமிழ் வடிவங்களை ஐயத்தோடு சேர்த்தே குறிக்கும் ஓர் அகராதி அது. நெட்டால் பட்டியல்களில் வட ஆர்க்காடும் செங்கல்பட்டும் மிகுதியாக வருதலின், அவ்விரு ஜில்லாக்களின் பழைய வட்ட வாரியான ஊர்ப்பட்டியலை எதிர்வைத்து இதனைத் தொடங்கலாம். ஓர் ஊர்ப்பெயர்க்கு மூன்று வடிவம் இயலுமாயின் மூன்றையும் தருதல் வேண்டும். ஒன்றைத் தேர்ந்து முடிவு கூறுதல், தேடி வருவோரைத் தவறான ஊரின் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.